பள்ளி வருகை சீராக இருக்கப் பெற்றோர் செய்ய வேண்டியவை

பிள்ளை பத்து நாட்கள் தொடர்ந்து பள்ளிக்குப் போகாவிட்டால் வீட்டில் எல்லோரும் பதறுவோம். மாதத்துக்கு இரண்டு நாட்கள் என்று விட்டுவிட்டு விடுப்பு எடுத்தால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பள்ளி ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், பத்து மாதங்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டிரண்டு நாட்களே 20 நாட்களாகி, ஆண்டில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. காரணம் எதுவாக இருந்தாலும், 10 விழுக்காடு நாட்கள் தவறினால் கவலைப்பட வேண்டும் என்பது கல்வித் துறையில் பலரும் கொள்ளும் அளவுகோல். காய்ச்சலுக்காக எடுத்த விடுப்பானாலும் வீட்டு விசேஷத்துக்காக எடுத்ததானாலும், விட்டுப்போன பாடம் விட்டுப்போனதுதான்.

ஆகவே முதலில் எண்ணத் தொடங்குங்கள். வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு விடுப்பு நாளையும் வட்டமிட்டு, அதன் காரணத்தை ஒரே சொல்லில் எழுதி வையுங்கள். இரண்டு மாதங்கள் கழித்துப் பார்த்தால், தனித்தனியாகத் தெரிந்த நாட்களுக்கு இடையே ஓர் ஒழுங்கு இருப்பது பெரும்பாலும் புலப்படும். திங்கட்கிழமைகளாக இருந்தால் வார இறுதித் தூக்கத்தைப் பாருங்கள். தேர்வு நாட்களாக இருந்தால் எந்தப் பாடத்தின் தேர்வு என்று பாருங்கள்.

விடுப்பின் இழப்பு அன்றைக்கே தெரிந்துவிடுவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மீச்சிறு பொது மடங்கு (இரு எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) நடத்தப்பட்ட இரண்டு நாட்கள் வகுப்பில் இல்லாத ஒரு மாணவி, சில வாரங்கள் கழித்துப் பின்னங்களைக் கூட்டும்போது 1/3 + 1/4 = 2/7 என்று எழுதுவாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுவது அவளுக்கு நியாயமாகவே தோன்றும். 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான 12-ஐக் கீழே வைத்து, விடை 7/12 என்று ஆசிரியர் திருத்தும்போது, தான் தவறவிட்டது அந்த இரண்டு நாட்களை என்று அவளுக்குத் தெரியாது. தனக்குக் கணக்கு வராது என்றே முடிவு செய்துவிடுவாள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறான முடிவுதான்.

காலை நேரத்து அவசரம் முந்தைய இரவில்தான் தொடங்குகிறது. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். பையையும் உடையையும் இரவே எடுத்து வைப்பது, மருத்துவர் சந்திப்பைப் பள்ளி முடிந்த பிறகு வைத்துக்கொள்வது, பயணங்களை விடுமுறைக்குத் தள்ளுவது ஆகியவை நீங்கள் அறிந்தவையே.

கடினமானது காலை வயிற்றுவலி. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும். மருந்தின் உதவியின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்பலாம். ஆனால் பள்ளி நாட்களில் மட்டும் வந்து, பத்து மணிக்குள் மறைந்து, விடுமுறையில் எட்டியே பார்க்காத வலி என்றால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அச்சத்தின் பக்கம் கவனத்தைத் திருப்புங்கள். அந்த வலி நடிப்பன்று. பதற்றம் வயிற்றை உண்மையாகவே வலிக்கச் செய்யும். "ஏன் போக மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. யார் பக்கத்தில் உட்காருகிறாய், யாரோடு சாப்பிடுகிறாய், கழிவறைக்குப் போக முடிகிறதா, வழியில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று சிறு கேள்விகளாக, வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், அன்றே வகுப்பாசிரியரை நேரில் சந்தியுங்கள். அதைப் பிள்ளையே சமாளித்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது. வீட்டில் நிறுத்திக்கொண்டால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும் என்றாலும், அந்த நிம்மதியே மறுநாள் காலையை இன்னும் கடினமாக்குகிறது. முழு நாள் இயலாதபோது, பள்ளியின் ஒப்புதலோடு அரை நாளாகவாவது தொடங்குவது நல்லது.

விடுப்பு முடிந்து திரும்பும் நாளில், நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டால் பக்கம் நிரம்புமே தவிரப் பாடம் நிரம்பாது. அன்று என்ன புதிதாக நடத்தினார்கள் என்பதை நண்பரையே சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒரு கணக்கையாவது தானே போட்டுப் பார்த்து, புரியாததை அந்த வாரத்துக்குள் ஆசிரியரிடம் கேட்கும்படி பிள்ளையைப் பழக்குங்கள்.

ஏற்கெனவே நிறைய நாட்கள் போய்விட்டிருந்தால், நூறு விழுக்காடு என்ற இலக்கை வைக்காதீர்கள்; காய்ச்சலோடும் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பத் தூண்டும் முழு வருகைப் பரிசுகளை நான் விரும்புவதில்லை. சென்ற மாதம் நான்கு வட்டங்கள் இருந்தால், இந்த மாதம் இரண்டாகக் குறையட்டும். பிள்ளையே அந்த வட்டங்களை எண்ணிச் சொல்லட்டும்.