தோட்டக் கொட்டிலின் அடித்தளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் தோட்டக் கொட்டில் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களில், நிலம் காய்ந்து கிடக்கும்போது இடத்தைத் தெரிவுசெய்கிறார்கள். இம்மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையிலேயே பெய்வதால், வெயிலில் மேடாகத் தோன்றும் மூலை மார்கழியில் முழங்கால் நீரில் நிற்கக்கூடும். மாரியில் வளவுக்குள் தண்ணீர் எங்கே தேங்கியது, எவ்வழியாக வடிந்தது என்பதை அறியாமல் அத்திவாரம் வெட்டுவதே முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு. சுவரில் படிந்திருக்கும் சேற்றுக்கோடு இதைக் காட்டிக்கொடுக்கும்; அயலில் நெடுங்காலம் குடியிருப்பவர்களைக் கேட்பது அதைவிட நல்லது.

அடுத்த தவறு, எல்லா நிலத்துக்கும் ஒரே அடித்தளத்தைப் போடுவது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் நீரை விரைவாக உறிஞ்சும், பாரத்தையும் தாங்கும். ஆனால் கூரையிலிருந்து கொட்டும் நீர் தளத்தின் ஓரத்து மணலை அரித்துச் சென்றால், அடியில் பிடிமானமற்ற விளிம்பு உடைந்துவிடும். ஆகவே அங்கு ஓரங்களை ஆழமாக இறக்கிக் கட்டுவது அவசியம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல் களிமண்ணோ மழையில் பொங்கி, கோடையில் சுருங்கி வெடிப்பது. அதன்மேல் நேரடியாக வார்த்த மெல்லிய கொங்கிரீட் தளம் ஓரிரு பருவங்களிலேயே பிளக்கலாம். அங்கு வேரும் சருகும் கலந்த மேல்மண்ணை முழுவதும் அகற்றி, கிரவலைப் பல படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் நனைத்து இடித்து இறுக்கிய பின்னரே தளம் போட வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இடித்தால், அடியில் தளர்ந்திருக்கும் மண் பின்னர் அமிழும்.

மண்வெட்டியும் உர மூட்டையும் வைக்கும் சிறு கொட்டிலுக்குக் கொங்கிரீட் தேவையென்பதே இல்லை. சமமாக வைத்த சீமெந்துக் கற்களின்மேல் மரச்சட்டத்தை உயர்த்தி நிறுத்தினால் காற்றும் அடியில் ஓடும், கறையான் ஏறுவதும் கண்ணில் படும். மோட்டார் சைக்கிளோ நீர்ப்பம்போ வைப்பவர்களுக்கே நான்கு அங்குலத் தடிப்பான கொங்கிரீட் தளம் வேண்டும். அதற்கு ஒரு பங்கு சீமெந்து, இரு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என்ற கலவை போதும். செலவைக் குறைக்கக் கடற்கரை மணலைக் கலப்பவர்கள் உள்ளே இருக்கும் கம்பியை உப்புக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் நாட்களில் வார்த்துவிட்டு மூடாமல் விடுவதும் அத்தகையதே: மேற்பரப்பு விரைவில் உலர்ந்து மயிர்வெடிப்புகள் தோன்றும். குறைந்தது ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும்.

தளம் பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் தவறானது. சுவருக்கு வெளியே நீளும் தளத்தில் கூரைநீர் விழுந்து, சுவரின் அடியால் உள்ளே ஊரும். கொட்டிலின் வெளியளவுக்கே பலகை அடித்து, தளத்தைச் சுற்றுநிலத்தைவிட ஆறு அங்குலமாவது உயர்த்துவதே முறை. மூலைகள் சரியா என்பதற்கு மூலைவிட்டங்களை அளந்தால் போதும்: எட்டடிக்கு ஆறடித் தளத்தில் இரண்டும் பத்தடியாக இருக்க வேண்டும். ஓரங்கள் நேராக இருப்பதைக் கண்டு இதனை அளக்காமல் விடுபவர்கள், தகரம் அடிக்கும்போதுதான் கோணலை உணர்கிறார்கள்.

இறுதியாக, கொட்டிலின் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும் என நம்புவது. 1964 டிசம்பரிலும் 2020 டிசம்பரிலும் புயலைக் கண்ட கரை இது. 2020இல் புரெவி திருகோணமலைக்கு வடக்கேதான் கரையைக் கடந்தது. தகரக் கொட்டிலைக் காற்று தள்ளுவதோடு நில்லாமல் மேலே தூக்கவும் செய்யும். ஆகவே நாகம் (துத்தநாகம்) பூசிய பிடிப்பு ஆணிகளைக் கொங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே பதித்து, சட்டத்தை அவற்றில் முடுக்க வேண்டும். கற்களின்மேல் நிற்கும் கொட்டிலாயின், நான்கு மூலைகளிலும் குழி தோண்டி, கொங்கிரீட்டில் நட்ட இரும்புப் பட்டைகளுடன் சட்டத்தைப் பிணைக்கலாம்.