ஒரு வீட்டில் பாட்டு, இன்னொரு வீட்டில் மிருதங்கம்: இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோனோபஸ், ஜாக்ட்ரிப் மாதிரியான மென்பொருள்களை இறக்கி, இணையம் வழியே இரண்டு கணினிகளை இணைத்துச் சேர்ந்து வாசிக்க முயல்கிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் இடறுகிறார்கள். மைக் ம்யூட்டில் கிடப்பது போன்றவை தாமாகவே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

முதலில் ஒரு கணக்கு. இங்கே எழும் ஒலி அங்கே காதில் விழ 25 முதல் 30 மில்லிசெகண்ட் வரை ஆனால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் இருவரும் மற்றவருக்காகக் காத்திருந்து, தாளம் இழுபடும். காற்றில் ஒலி 25 மில்லிசெகண்டில் சுமார் எட்டரை மீட்டர் போகும்; அதாவது மேடையின் இரு கோடியில் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். ஃபைபரில் 200 கிலோமீட்டருக்கு 1 மில்லிசெகண்ட் செலவு. ஆகவே சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே உள்ள தூரம் பெரிய தடை இல்லை. நேரத்தை விழுங்குவது வீட்டுக்குள் இருக்கும் கடைசிப் பத்து மீட்டர்.

வைஃபை

எத்தனை முறை சொன்னாலும் கேட்காத தவறு இதுதான். பல ஆயிரம் கொடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கன்டென்சர் மைக்கும் வாங்குவார்கள். சில நூறு ரூபாய் லேன் கேபிளுக்கு மட்டும் மனசு வராது. கேட்டால், "ஸ்பீட் டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் காட்டுதே" என்பார்கள். வேகம் இங்கே பேச்சே இல்லை. சுருக்காத 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலிக்கு 1.5 எம்பிபிஎஸ்ஸும் கொஞ்சமும் போதும்.

பிரச்சினை சீரான வருகை. பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித்துண்டு) 128 ஃப்ரேம் என்றால் (48 கிலோஹெர்ட்ஸில் செகண்டுக்கு 48,000 ஃப்ரேம்) ஒரு பாக்கெட்டில், அதாவது நெட்வொர்க்கில் போகும் ஒரு பொட்டலத்தில், இருப்பது 2.67 மில்லிசெகண்ட் ஒலி. செகண்டுக்கு 375 பாக்கெட் வரிசை தவறாமல் வர வேண்டும். வைஃபையில் ஒரு சானலில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும். உங்கள் டிவி, போன், பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் அதே காற்றைப் பங்கு போடுகின்றன. போய்ச் சேராத பாக்கெட் மறுபடி அனுப்பப்படும். போதாததற்கு, லேப்டாப் அவ்வப்போது வேறு நெட்வொர்க் இருக்கிறதா என்று தேட சானலை விட்டு நகர்ந்துவிடும். வீடியோ பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது. இங்கே நேரம் தவறி வந்த பாக்கெட் வராத பாக்கெட்தான். 'டப்' என்று ஒரு வெட்டு.

வெட்டைப் போக்க ஜிட்டர் பஃபரை (தாமதமாக வரும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்க வைக்கும் ஒலிக் கையிருப்பு) கூட்டுவார்கள். 60 மில்லிசெகண்ட் தடங்கலைத் தாங்க 60 மில்லிசெகண்ட் ஒலியை எப்போதும் கையிருப்பில் வைத்தாக வேண்டும். வெட்டு நிற்கும், தாளம் போய்விடும். பிறகு, "இந்த சாஃப்ட்வேர் சரியில்லை" என்று அடுத்ததைத் தேடுவார்கள்.

சோதித்துப் பாருங்கள். இணையத்தை விடுங்கள், உங்கள் ரவுட்டரையே (பெரும்பாலும் 192.168.1.1) ஐந்து நிமிடம் பிங் செய்யுங்கள் (ping கட்டளை, பதில் திரும்பி வர ஆகும் நேரத்தை வரி வரியாகக் காட்டும்). கேபிளில் எல்லா வரியிலும் 1 மில்லிசெகண்டோ அதற்குக் குறைவாகவோ வரும். வைஃபையில் 2, 3, 2 என்று வந்துகொண்டே இருந்து, திடீரென்று 80 என்று ஒரு வரி வரும். சராசரியைப் பார்க்காதீர்கள், அந்த 80-ஐப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறையலாம். வேலை செய்யும் முறை அதேதான்.

"கேபிள்தான் போட்டிருக்கேன்" என்று சாதித்த ஒருவரின் கேபிள் மாடியிலிருந்த வைஃபை ரிப்பீட்டரில் செருகப்பட்டிருந்தது. அங்கிருந்து ரவுட்டருக்குப் போவது காற்றில்தானே! கேபிளின் மறுமுனை எதில் போய் முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள். செருகிய பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அந்த டிரைவர் பின்னணியில் ஓடினாலே சில விண்டோஸ் கணினிகளில் ஒலி வெட்டும்.

புளூடூத் ஹெட்போன்

வேண்டாம். பெரும்பாலும் அது மட்டுமே 100 மில்லிசெகண்டுக்கு மேல் தின்றுவிடும்.

ஸ்பீக்கரில் கேட்பது

இந்த மென்பொருள்களில் எதிரொலி நீக்கம் கிடையாது. வயர் ஹெட்போன்தான்.

வாசிக்கும்போது அப்லோடு

வீட்டில் யாருடைய போனாவது படங்களை பேக்கப் செய்யத் தொடங்கினால் அப்லோடு வரிசை நிரம்பி, பிங் சில நூறு மில்லிசெகண்டுக்கு ஏறும். நிறுத்தச் சொல்லுங்கள்.

போர்ட் திறந்தும் இணையவில்லை

ஜாக்ட்ரிப்பில் சர்வராக (மற்றவர் வந்து இணையும் கணினியாக) இருப்பவர் யூடிபி 4464 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) ரவுட்டரில் திறக்க வேண்டும். திறந்தும் பலன் இல்லையென்றால் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையத்தின் பக்கம் அதற்குள்ள ஐபி முகவரியை, பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்திருக்கிறது. எந்தப் போர்ட்டைத் திறந்தும் புண்ணியமில்லை. பொது முகவரி உள்ளவரைச் சர்வர் ஆக்குங்கள், அல்லது ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள். இரு பக்கமும் சாம்பிள் ரேட் (செகண்டுக்கு எத்தனை ஒலி அளவீடு) ஒன்றாக இருக்கட்டும், 44.1 கிலோஹெர்ட்ஸையும் 48-ஐயும் கலக்காதீர்கள்.

கேபிளிலும் 'டப்' வருகிறதா?

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். கண்டபடி வந்தால் நெட்வொர்க். கடிகாரம் வைத்தது போல் வந்தால் சவுண்ட் கார்டுகளின் கிரிஸ்டல் (அவற்றின் வேகத்தை நிர்ணயிக்கும் உள் கடிகாரம்). இரண்டும் 48,000 என்று காட்டினாலும், பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே செகண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு சாம்பிள் (ஒரு ஃப்ரேம்) விலகும். 128 ஃப்ரேம் இரண்டேகால் நிமிடத்தில் தீரும். பஃபரைக் கூட்டினால் இடைவெளிதான் நீளும். இரண்டு கணினியும் ஒரே அறையில் இருந்தால், இன்டர்ஃபேஸ்களை எஸ்பிடிஐஎஃப் (S/PDIF, டிஜிட்டல் ஒலி) கேபிளால் இணைத்து, ஒன்றின் கிளாக்கை 'எக்ஸ்டர்னல்' என்று மாற்றுங்கள்.