முனை ஒடிந்த ராடை விராலுக்கு மாற்றிய கதை

ஒரே தூண்டில் ராடை வைத்து எல்லா மீனையும் பிடித்துவிடலாம் என்று ஏழு அடி ஸ்பின்னிங் ராட் ஒன்று வாங்கினேன். முட்டுக்காடு கழிமுகத்தில் கொடுவாவுக்கு லூர் (செயற்கை இரை) வீச அது அருமையாக இருந்தது. அந்தத் தைரியத்தில் கோவளம் கடற்கரைக்குக் கொண்டுபோய், அலையைத் தாண்டிப் போகட்டும் என்று 80 கிராம் ஈயம் கட்டி வீசினேன். படக்கென்று முனை ஒடிந்தது. நாலு அங்குலம் போச்சு.

வீட்டுக்கு வந்துதான் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: 10–30 கிராம். அந்த ராட் வீசக்கூடிய எடை அவ்வளவுதான்.

தூக்கிப்போட மனமில்லை. ஒடிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். தூண்டில் நரம்பு நுழைந்து போகும் பழைய முனை வளையம் சேரவில்லை. அந்த இடத்தில் ராட் தடிமன் அதிகமாயிற்றே. குழாய் சற்றுப் பெரிதான வளையம் வாங்கி, சூட்டில் உருகும் பசைக் குச்சியை லைட்டரில் இளக்கித் தடவி, மற்ற வளையங்களோடு நேர்பார்த்து மாட்டினேன். சூப்பர் குளூ வேண்டாம், அப்புறம் கழற்றுவது பெரும்பாடு.

ராட் இப்போது விறைப்பாகிவிட்டது. சின்ன லூர் முன்போல் தூரம் போவதில்லை. ஆனால் ஏரியில் தவளை லூரைக் கடித்த விராலை, அது பாசிக்குள் புகுமுன் இழுக்க இந்த விறைப்புதான் சரி.

கடற்கரைக்கு 12 அடி சர்ஃப் ராட் தனியாக வாங்கினேன், 100–200 கிராம் என்று போட்டது. வாங்குமுன் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு இழுத்துப் பார்த்தேன். பஞ்சு சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.