நெகிழ்ச்சிக் கணக்கில் நான் தொலைத்த கழித்தல் குறி

திருநெல்வேலி டவுனில் மாமாவுக்கு அல்வாக் கடை. எந்தப் பண்டத்துக்கு விலை ஏற்றினால் விற்பனை படுத்துவிடும் என்று கேட்டார். விலை மாறினால் விற்பனை எவ்வளவு மாறும் என்று சொல்லும் ‘நெகிழ்ச்சி’ எண்ணை விரிதாளில் கணக்கிட்டேன். கணினியோ எல்லாமே நெகிழ்ச்சி குறைந்தவை, அதாவது விலை ஏறினாலும் விற்பனை அதிகம் குறையாதவை என்றது. “அப்படியானால் நாளைக்கே ஏற்றிவிடலாமா மாப்பிள்ளை?” என்றார். நல்லவேளை, ஏற்றவில்லை.

படி 1: அளவு மாறிய சதவீதத்தை விலை மாறிய சதவீதத்தால் வகுங்கள். அல்வா கிலோ 300 ரூபாயிலிருந்து 330 ஆனபோது வார விற்பனை 40 கிலோவிலிருந்து 34 ஆனது. −15ஐ 10ஆல் வகுத்தால் −1.5.

படி 2: நான் சறுக்கியது இங்கேதான். “ஒன்றுக்குக் குறைந்தால் நெகிழ்ச்சி குறைவு” என்பது பாடப்புத்தக வாசகம். அது குறியை உதிர்த்த எண்ணுக்கான விதி. 1890இல் வெளிவந்த நூலில் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் வாய்பாட்டுக்குள்ளேயே ஒரு கழித்தல் குறியைச் சேர்த்து விடையை நேர் எண்ணாக்கிக்கொண்டார். விரிதாளுக்கு அந்த வழக்கம் தெரியாது. “1ஐ விடச் சிறியது” என்று நான் வடிகட்ட, −0.4, −1.5, −3 எல்லாமே உள்ளே வந்துவிட்டன!

படி 3: பக்கத்து நெடுவரிசையில், குறியை நீக்கி எண்ணை மட்டும் தரும் ஏபிஎஸ் (ABS) சார்பைப் போட்டு, அதை மட்டும் ஒன்றோடு ஒப்பிடுங்கள். குறியுள்ள நெடுவரிசையை அழிக்காதீர்கள். ஆனித் தேரோட்ட வாரத்தில் விலையும் ஏறியது, விற்பனையும் ஏறியது. விடை கூட்டல் குறியோடு வந்தது. அது நெகிழ்ச்சியே அல்ல, ரத வீதியில் திரண்ட கூட்டம். அந்த வாரத்தை நீக்கிவிட்டேன். குறியை அழித்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

ஒரு பொருளின் விலை மாறும்போது இன்னொன்றின் விற்பனை எவ்வளவு மாறுகிறது என்பது குறுக்கு நெகிழ்ச்சி. அதற்கு ஏபிஎஸ் கூடவே கூடாது. சீனி விலை ஏறிக் கருப்பட்டி அதிகம் விற்றால் கூட்டல், ஒன்றுக்கு மாற்று மற்றொன்று. காபித்தூள் விலை ஏறிச் சீனி விற்பனை குறைந்தால் கழித்தல், இரண்டும் சேர்ந்தே போகிறவை. செய்தி முழுவதும் குறியில்தான் இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் கணிப்பான்களை நான் நம்புவதில்லை. குறியை வைத்திருக்கின்றனவா, விழுங்கிவிட்டனவா என்று சொல்வதில்லை. அதைவிடக் கல்லாப்பெட்டி மேல். அல்வா விலையை ஏற்றியதும் வாரம் 12,000 ரூபாய் வரவு 11,220 ஆனது. விலை ஏறி வரவு இறங்கினால் நெகிழ்ச்சி ஒன்றைத் தாண்டியிருக்கிறது.

பின்சேர்க்கை: 330இலிருந்து 300க்கு இறக்கிக் கணக்கிட்டால் −1.94 வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சதவீதம் போட எடுக்கும் தொடக்க எண், அதாவது அடிமானம், மாறுவதால் வரும் வேறுபாடு அது. இரு விலைகளின் சராசரியையும் இரு அளவுகளின் சராசரியையும் அடிமானமாக்குங்கள்; எந்தப் பக்கமிருந்து போனாலும் −1.70. மாமாவின் தாளில் இப்போது அந்த எண்தான் இருக்கிறது, குறியோடு.