புதிதாகச் சமைக்கிறீர்களா? கொண்டைக்கடலையில் தொடங்குங்கள்

சமையல் பழக நினைக்கிறவர்களிடம் நான் முதலில் வேகவைக்கச் சொல்வது கொண்டைக்கடலையைத்தான். அதிகம் செலவு வைக்காது, உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும், வயிற்றையும் நிறைக்கும். தண்ணீர், உப்பு, தீ, நேரம் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் பழகிவிடலாம். அது கைவந்துவிட்டால் மற்ற பயறுகளுக்குத் தனியாகப் பாடம் வேண்டாம்.

ஒரு கப் கடலையைக் கழுவி, ராத்திரி மூன்று கப் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அந்தத் தண்ணீரிலேயே ஒரு டீஸ்பூன் உப்பும் போடுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்று பலர் பயமுறுத்துவார்கள். நம்ப வேண்டாம், ஊறும்போது சேர்கிற உப்பு தோலை இளக்கத்தான் செய்யும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியோ எலுமிச்சையோ புளியோ, கடலையை விரலால் அழுத்தினால் மசிகிற பதம் வந்த பிறகுதான் பாத்திரத்துக்குள் போக வேண்டும். உங்கள் வீட்டுத் தண்ணீர் கடின நீர் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். அதற்கு மேல் போட்டால் தோல் கரைந்து, சோப்பு மாதிரி ஒரு ருசி வந்துவிடும்.

மறுநாள் ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி புதுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். கொதி வந்ததும் மூடி போட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். சிக்கனம் என்றதும் எல்லோரும் என்ன வாங்குவது என்றுதான் பேசுகிறார்கள், அடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. தண்ணீர் கொதித்துவிட்டால் அதன் சூடு ஏறக்குறைய 100 டிகிரி. தீயை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு மேல் போகாது. ஆவிதான் கூடுதலாகப் போகும், எரிபொருள் வீணாகும், கடலை தன் நேரத்தில்தான் வேகும். மேலே சிறு குமிழிகள் வந்துகொண்டிருந்தால் போதும். திறந்த பாத்திரம் என்றால் ஒரு மணி நேரம், பழைய கடலையாக இருந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் உள்ளே 120 டிகிரி வரை போகும், அதனால் அதே வேலை 15 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அதிலும் அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்துவிட வேண்டும். சமையலறைக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்க முடியும் என்றால் குக்கரை வாங்குங்கள் என்பேன்.

ராஜ்மாவுக்கு மட்டும் வேறு கணக்கு. சரியாக வேகாத ராஜ்மாவில் கடுமையான வாந்தியை வரவழைக்கும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட்ட பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும். இங்கே தீயில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஒரு கப் கடலை வெந்ததும் இரண்டரை கப்புக்குக் குறையாமல் இருக்கும். வெந்த தண்ணீரைத் தயவுசெய்து கொட்டாதீர்கள், ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. முதல் வேளைக்கு ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கி, எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்போடு மிதமான தீயில் வதக்குங்கள். இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று சமையல் குறிப்புகளில் எழுதுவார்கள். ஆகாது. கண்ணாடி போல ஆகவே 5 நிமிடத்துக்கு மேல் ஆகும், பொன்னிறத்துக்கு இன்னும் 10 நிமிடமாவது பொறுக்க வேண்டும். அப்புறம் பூண்டு, கடைசியில் கடலை. மிச்சக் கடலையில் பாதியை அதன் தண்ணீரோடு மசித்து, கையில் இருக்கிற காய்களைப் போட்டால் சூப். மீதியைப் பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்து அப்படியே சாப்பிடலாம். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருக்கும்.

கூடவே சோறு வடித்தால், மிச்சத்தை வெளியே வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சோறு வெந்த பிறகும் சாகாத சில பாக்டீரியா வித்துகள் அறைச் சூட்டில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

காய்களில் கீரையை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். காலிஃபிளவரும் பீன்ஸும் அடுத்து. காலிஃபிளவரின் தண்டையும் தோல் சீவிப் பொடியாக நறுக்கினால் சூப்பில் நன்றாக வேகும். உருளைக்கிழங்கும் பூசணியும் காத்திருக்கும். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாமல், இரண்டையும் காற்றோட்டமான இருட்டில் தனித்தனியாக வையுங்கள். வெளிச்சம் பட்டால் உருளை பச்சையாகும். சிறிது பச்சை என்றால் அந்த இடத்தைத் தடிமனாகச் சீவிவிட்டுச் சமைக்கலாம். முழுவதும் பச்சையாகியிருந்தாலோ கசந்தாலோ கிழங்கையே எறிந்துவிடுங்கள்.