டெஸ்க்டாப்பை அழகுபடுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

பொங்கல் முடிந்த வாரம் காரைக்குடியில் ஓர் ஆச்சி வீட்டிலிருந்து போன். "கணக்கெல்லாம் காணாமப் போச்சு தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க." கல்யாண வீடுகளுக்குத் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை போட்டுக் கொடுப்பவர். ஆர்டர் கணக்கு முழுவதும் எக்செல்லில்தான் இருக்கிறது. பதறிக்கொண்டு போனேன். ஒன்றும் போகவில்லை. பண்டிகைக்கு வந்த பேரன் ஆத்தங்குடித் தரைக்கல் படத்தைத் திரை முழுக்கப் போட்டு, ஐகான்களை மறைத்து, திரைக்கு அடியில் இருக்கும் டாஸ்க்பாரும் தானாக ஒளிந்துகொள்ளும்படி வைத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டான். வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, வியூ, அதில் ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’ என்பதில் ஒரு டிக் போட்டேன். ஐகான் எல்லாம் வந்துவிட்டது. ஆச்சிக்கு அதன்பிறகுதான் மூச்சு வந்தது.

பேரன் ஆசையாகச் செய்ததுதான். ஆனால் அந்த நாற்காலியில் தினமும் உட்காரப் போவது அவன் இல்லை. கணினி பார்த்துக் கொடுக்கும் இந்த வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான்: உட்காருபவரின் கண்ணையும் கைப்பழக்கத்தையும் கேட்காமல் திரையை மாற்றுவது. அப்பா, அம்மா கணினியில் கைவைப்பதற்கு முன் அவர்கள் தினமும் எந்த ஐகானைத் தொடுகிறார்கள் என்று பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அடுத்தது படம். ஆத்தங்குடிக் கல்லின் அழகே அதன் அடர்த்திதான். கண்ணாடிப் பலகையில் கையால் வண்ணக் கலவை ஊற்றி எடுத்த பூவும் கொடியும் ஒரு அங்குலம் விடாமல் நிறைந்திருக்கும். அது தரைக்கு. அதே செட்டிநாட்டு வீட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர், வெள்ளை வெளேரென்று வழவழப்பாக நிற்கும். டெஸ்க்டாப்பில் ஐகானும் அதன் பெயரும் தெரிய வேண்டும் என்றால் நமக்கு வேண்டியது தரை இல்லை, சுவர். பூ நிறைந்த படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் ‘தை மாத ஆர்டர்’ என்று இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் படமாக வைக்கிறவர்களும் உண்டு. நெருக்கமான கட்டங்களைத் திரை அளவுக்குச் சுருக்கும்போது சேலையில் இல்லாத அலை அலையான கோடுகள் முளைக்கும். படம் பிடித்திருந்தால் வையுங்கள், ஆனால் ஐகான் நிற்கும் இடது பக்கம் வெறுமையாக உள்ள படமாகத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணை உண்மையாகவே களைக்க வைக்கும் தவறு ஒன்று உண்டு. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனை, அதாவது படத்தை எத்தனை புள்ளிகளில் காட்டுவது என்ற அளவை, குறைப்பது. கடைகளிலும் வீடுகளிலும் வாரம் ஒன்றாவது பார்த்துவிடுகிறேன். 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையை 1366க்கு 768 என்று மாற்றிவிடுவார்கள். எழுத்து பெரிதாகும், சரி. ஆனால் திரைக்குள் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. இப்போது ஒவ்வொரு புள்ளியையும் ஏறக்குறைய 1.4 புள்ளி அகலத்தில் காட்டியாக வேண்டும். அரைகுறைப் புள்ளி என்று ஒன்று கிடையாது, அதனால் நிறம் பக்கத்துப் புள்ளியோடு கலந்து மங்கும். ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தமிழ் தாங்காது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதானே, அந்தச் சுழி அடைத்துப் போகும்.

செய்ய வேண்டியது இது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனை ‘ரெகமண்டட்’ என்று போட்டிருப்பதிலேயே விட்டுவிடுங்கள். அதன் பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். எழுத்தும் ஐகானும் பெரிதாகும், கூர்மை குறையாது. எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால் விண்டோஸ் 11இல் ‘அக்சஸிபிலிட்டி’க்குள் ‘டெக்ஸ்ட் சைஸ்’ இருக்கிறது, 225 சதவீதம் வரை போகும்.

கணினியில் தட்டச்சு செய்து அச்சுக்குத் தயாராக்கும் டிடிபி கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி விண்டோஸின் எழுத்துருவையே மாற்றும் வழி ஒன்று யூடியூபில் சுற்றுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவை அங்கே போட்டுவிடாதீர்கள். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மெனு முழுவதும் பொருளில்லாத தமிழாகிவிடும். திரும்ப எங்கே போய் மாற்றுவது என்று படிக்கவே முடியாது. விண்டோஸ் 8 முதல் தமிழுக்கென்று நிர்மலா யூஐ கூடவே வருகிறது, திரைக்கு அது போதும்.

அப்புறம், இலவசத் தீம். விண்டோஸ் தீம் என்பது ‘தீம்பேக்’ என்று முடியும் சிறிய கோப்பு. தீம் என்று சொல்லி ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் நிரல் கோப்பு இறங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள். லினக்ஸ்காரர்களும் அலட்சியமாக இருக்க வேண்டாம். 2024 மார்ச்சில் கேடிஇ பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கான குளோபல் தீம் ஒன்றை நிறுவிய ஒருவரின் சொந்தக் கோப்புகள் அழிந்தே போயின. அந்த வகைத் தீம்கள் படமும் நிறமும் மட்டுமல்ல, நிரலையும் இயக்கக்கூடியவை என்று கேடிஇ குழுவே அதன்பிறகு எச்சரித்தது. டெஸ்க்டாப்பில் கொட்டி வைத்த கோப்புகளுக்கு இன்னொரு நகல் எடுத்து வைத்த பிறகே இந்த விளையாட்டெல்லாம்.

டார்க் மோட் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இருட்டு அறைக்கு நல்லது. முற்றத்து வெளிச்சம் நேராக விழும் வளவில் கணினி வைத்திருந்தால் கறுத்த திரை கண்ணாடி மாதிரி நம் முகத்தைத்தான் காட்டும். அசையும் வால்பேப்பர் 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினிக்கு வேண்டவே வேண்டாம்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மாலையில் ஐந்தை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. முதலில் விண்டோஸ் விசையோடு பிரின்ட் ஸ்கிரீனை அழுத்திப் பழைய திரையைப் படமாக எடுத்துக்கொள்ளுங்கள். தீம்ஸ் பக்கத்தில் ‘சேவ்’ கொடுத்தால் பழைய படமும் நிறமும் பத்திரமாக இருக்கும். ஐகான் நின்ற இடம் மட்டும் அதில் சேராது, அதற்குத்தான் முதலில் எடுத்த அந்தத் திரையின் படம்.

ஆச்சி வீட்டில் கடைசியில் ஸ்கேலை 150 ஆக்கினேன். பின்னணிக்கு அவரே தேர்ந்தெடுத்த வெறும் அரக்கு நிறம். ஐகான் மூன்றுதான்: எக்செல் கணக்கு, வாட்ஸ்அப், பேத்தி கல்யாண ஆல்பம். பேரன் வைத்த ஆத்தங்குடிப் படத்தை எடுத்துப்போட மனம் வரவில்லை. லாக் ஸ்கிரீனில் வைத்துவிட்டேன். அங்கே மறைப்பதற்கு ஐகான் எதுவும் இல்லை.