சீரியல் லாகின் லைனில் செட்டிங் ஏன் நிலைப்பதில்லை?

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் சர்வரின் சீரியல் லைனை (டெர்மினலோ மோடமோ இணையும் வழி), லைன் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளை கொடுத்துச் சரிசெய்கிறோம். லாக் அவுட் செய்து மறுபடி நுழைந்தால் எல்லாம் பழையபடி இருக்கிறது. கட்டளையில் பிழையில்லை. லைனைப் பிடித்திருக்கும் கடைசி நிரல் மூடியதுமே அந்த அமைப்புகள் போய்விடும். அடுத்தமுறை கெட்டி (லாகின் வரியைக் காட்டும் நிரல்) லைனைத் திறக்கும்போது, டிடிஒய்யு0.இனிட் என்ற தனி டிவைஸில் இருக்கும் மதிப்புகள்தான் லைனுக்கு வரும். ஆகவே மாற்ற வேண்டியது அதைத்தான். (கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தந்திருக்கிறோம், ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்.)

முதலில் இப்போது இருப்பதைப் பாருங்கள்:

எஸ்டிடிஒய் -ஏ -எஃப் /டெவ்/டிடிஒய்யு0.இனிட்

2, 3, 5 பின்கள் மட்டும் இணைத்த மூன்று கம்பி கேபிளா? அதில் எதிர்முனை இணைந்திருப்பதைச் சொல்லும் கேரியர் சிக்னல் வராது. க்ளோக்கல் (கேரியரைப் பொருட்படுத்தாதே என்னும் அமைப்பு) இல்லையென்றால் கெட்டி கேரியருக்காகக் காத்தே கிடக்கும். ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் ஓடுவதாகத் தெரியும், டெர்மினலில் லாகின் வரி வராது. அதற்கு:

எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்யு0.இனிட் க்ளோக்கல்

மோடம் லைனில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. தொலைபேசி துண்டிக்கப்பட்டது சிஸ்டத்துக்குத் தெரியாமல் போய், முன்னவரின் திறந்த ஷெல் அடுத்து அழைப்பவர் கையில் சிக்கிவிடும். அங்கே -க்ளோக்கல் (முன்னால் கோடு இருந்தால் அமைப்பு ஆஃப்), ஹப்சிஎல் (லைன் மூடியதும் அழைப்பைத் துண்டிக்கும் அமைப்பு) இரண்டும் வேண்டும்.

வேறு நிரல் மாற்றிவிடாமல் தடுக்க டிடிஒய்யு0.லாக் இருக்கிறது. பலர் தடுமாறும் இடம் இது. லாக் டிவைஸில் க்ளோக்கல் கொடுத்தால் க்ளோக்கல் இயங்கிவிடாது. “அந்த பிட்டைத் தொடாதே” என்றுதான் பொருள். இனிட்டில் இருப்பது ஆன் என்றால் ஆனாகவே, ஆஃப் என்றால் ஆஃபாகவே உறைந்துவிடும். எனவே இனிட்டைச் சரிபார்த்த பிறகே பூட்டுங்கள்.

மாற்றியும் பலனில்லையா? கெட்டி ஏற்கெனவே லைனைத் திறந்து வைத்திருக்கும். முதல் திறப்பின்போது மட்டுமே இனிட் படிக்கப்படும். /ஈடிசி/டிடிஒய்ஸ் கோப்பில் அந்த வரியை ஆஃப் ஆக்கி, அந்தக் கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் கில் -ஹப் 1 கொடுங்கள். பிறகு ஆன் ஆக்கி மறுபடி அதையே கொடுங்கள்.

திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் அதே வரியில் கெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். எஸ்டிடி.9600 என்றிருந்தால் இனிட்டில் வேகத்தை 115200 என்று வைத்தாலும் கெட்டி 9600-க்கே இழுத்துவிடும். எண் இல்லாத 3வயர் என்றால் லைனில் இருக்கும் வேகத்தை அப்படியே விட்டுவிடும். கன்சோல் போர்ட் என்றால் /பூட்/லோடர்.கான்ஃப் கோப்பின் காம்கன்சோல்_ஸ்பீட் மதிப்பும் ஒத்துப்போக வேண்டும்.

ரீபூட் செய்தால் இனிட், லாக் இரண்டும் அழிந்துவிடும். கட்டளைகளை /ஈடிசி/ஆர்சி.லோக்கல் கோப்பில் போட்டுவையுங்கள். அது முடிந்த பிறகுதான் கெட்டி கிளம்பும் என்பதால் வரிசை கெடாது. அதே போர்ட்டில் டயல்-அவுட்டுக்கான (வெளியே அழைப்பதற்கான) டிவைஸான சியுஏயு0-வுக்குத் தனி இனிட், தனி லாக் உண்டு. இங்கே செய்தது அங்கே ஒட்டாது.